ஃபிளாட் வெளிச்சுவருக்கு எது சரி: ஏ.சி.பி.யா, கல்லா, பெயின்ட்டா?

பத்துப் பதினைந்து வருடமான அடுக்குமாடி என்றால் அசோசியேஷன் கூட்டத்தில் ஒருநாள் இந்தப் பேச்சு வந்தே தீரும். பக்கத்துத் தெருவில் புதிதாக எழும்பிய கட்டடம் பளபளவென்று நிற்கிறது, நம்முடையது கறுத்துப் போய்க் கிடக்கிறது, மறுபடியும் பெயின்ட் அடிப்பதற்குப் பதில் முகப்புக்கு ஏதாவது ஒட்டிவிடலாமே என்று ஒருவர் ஆரம்பிப்பார். கான்ட்ராக்டர் காட்டுகிற கேட்டலாக்கில் எல்லாமே அழகாகத்தான் இருக்கும், அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். தண்ணீர் பின்னால் போனால் வெளியே வர வழி உண்டா, தீப்பிடித்தால் என்ன ஆகும், நாளைக்கு ஒரு பைப் ஒழுகினால் இதை யார் எப்படிக் கழற்றுவார்கள், இதைக் கேட்டுவிட்டு அப்புறம் நிறத்தைப் பற்றிப் பேசலாம். சென்னையை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்: வருடத்துக்குச் சராசரியாக 1,400 மி.மீ. மழை, அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள், அதுவும் காற்றோடு சேர்ந்து சுவரில் சாய்வாக அறைகிற மழை. பெசன்ட் நகர், திருவான்மியூர், ஈ.சி.ஆர். பக்கம் என்றால் கடல் உப்பு வேறு.

முதலில் ஏ.சி.பி. (அலுமினியம் காம்போசிட் பேனல்) ஷீட், ஏனென்றால் பெரும்பாலான கொட்டேஷனில் அதுதான் முதலில் இருக்கும். வேலை சீக்கிரம் முடியும், எடை குறைவு, எந்த நிறத்திலும் கிடைக்கும், எல்லாம் உண்மை. ஆனால் 4 மி.மீ. ஷீட்டின் வெட்டு முனையைக் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள்: இரண்டு பக்கமும் அரை மி.மீ. அளவுக்கோ அதைவிட மெல்லியதாகவோ அலுமினியத் தகடு, நடுவில் மூன்று மி.மீ. அல்லது அதற்குச் சற்று மேல் வேறொரு பொருள். விலை குறைந்த ரகத்தில் அந்த நடுப்பொருள் பாலிஎத்திலீன், அதாவது பிளாஸ்டிக், எடைக்கு எடை பார்த்தால் கிட்டத்தட்ட பெட்ரோல் அளவுக்கு எரிசக்தி உள்ளது. லண்டனில் 24 மாடி கிரென்ஃபெல் கட்டடத்துக்கு 2016இல் முடிந்த புதுப்பிப்பில் இந்த ரக ஷீட்டைத்தான் வெளியே ஒட்டினார்கள். 2017 ஜூன் 14 அன்று நான்காவது மாடியில் ஒரு வீட்டுச் சமையலறை ஃபிரிட்ஜில் பிடித்த தீ, ஜன்னல் வழியாக வெளியே வந்து ஷீட்டைப் பற்றிக்கொண்டு மேலே ஏறியது. 72 பேர் இறந்துபோனார்கள். அடுத்த வருடமே இங்கிலாந்து 18 மீட்டருக்கு மேற்பட்ட புதிய குடியிருப்புக் கட்டடங்களின் வெளிச்சுவரில் எரியக்கூடிய பொருளைத் தடை செய்தது.

'அது இருபது மாடி, நம்முடையது ஸ்டில்ட் பிளஸ் நான்குதானே (கீழே தூண்களுக்கு நடுவில் பார்க்கிங், மேலே நான்கு மாடி)' என்று நிச்சயம் ஒருவர் சொல்வார். தமிழ்நாட்டு விதிகளில் 18.30 மீட்டருக்குள் இருந்தால் அது உயர்மாடிக் கணக்கில் வராது, சரி. ஆனால் உங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தை ஒருமுறை நடந்து பாருங்கள். கார் பார்க்கிங்கிலேயே மீட்டர் போர்டு, அதன் பக்கத்தில் பைக்குகள், அதை ஒட்டி மொத்தக் கட்டடத்துக்கும் இருக்கிற ஒரே படிக்கட்டு. அந்தப் படிக்கட்டின் முகப்பில்தான் ஏ.சி.பி.யை உயரமாக ஒரு பட்டை மாதிரி ஒட்டுகிறார்கள்! மக்கள் இறங்கி ஓடவேண்டிய வழியில் பிளாஸ்டிக்கை ஏற்றுவதை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. ஏ.சி.பி.தான் வேண்டும் என்று பெரும்பான்மை முடிவு செய்தால், நடுவில் பிளாஸ்டிக்குக்குப் பதில் தாது நிரப்பிய, எளிதில் எரியாத ஏ2 ரகம் என்று கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள், பரிசோதனைச் சான்றிதழும் வந்திறங்குகிற ஷீட்டின் பேட்ச் எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள். நடுப்பொருளின் நிறத்தை மட்டும் பார்த்து ரகத்தை முடிவு செய்ய முடியாது.

அடுத்தது கல், டைல். கிரானைட் எரியாது, வெளுக்காது, கழுவினால் புதுசாகிவிடும். பிரச்சினை எடை. 18 மி.மீ. கிரானைட் ஒரு சதுர மீட்டருக்குக் கிட்டத்தட்ட 48 கிலோ வரும். அதை சிமென்ட் பால் தடவி பழைய பூச்சின் மேல் ஒட்டினால் கல்லை உண்மையில் தாங்குவது அந்தப் பூச்சுதான், அது ஏற்கெனவே செங்கல்லை விட்டு விலகியிருக்கலாம். மேற்குச் சுவர் மதியம் சூடேறும், இரவில் குளிரும், இரண்டு மழைக்காலம் போனால் ஒரு மூலை கழன்றுவிடும். மூன்றாவது மாடியிலிருந்து ஒரு கல் விழுந்தால் கீழே யார் நிற்பார்கள் என்று சொல்லவா வேண்டும். அதனால் என் கணக்கு இதுதான்: கல்லோ டைலோ, கீழ்த்தளத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், சிமென்ட் பால் வேண்டாம், பாலிமர் அட்ஹெசிவ் போடுங்கள். அதற்கு மேலே போயே தீரவேண்டும் என்றால் துருப்பிடிக்காத எஃகு கிளாம்ப் போட்டு, நேராகச் சுவரில் தாங்க வைக்கவேண்டும். கடலோரத்தில் உப்பைத் தாங்குகிற 316 கிரேடு எஃகு. அந்தச் செலவைக் கேட்டதும் பாதிப் பேர் பின்வாங்கிவிடுவார்கள், அதுவும் நல்லதுதான்.

ஹெச்.பி.எல். (ஹை பிரெஷர் லேமினேட்) பலகை மரம் மாதிரி அழகாக இருக்கும். ஆனால் அது ரெசினில் ஊறிய காகிதத்தை அழுத்திச் செய்தது, வெயில் வாங்கும் பக்கம் நிறம் மாறும், தீ விஷயத்திலும் ரகம் பார்த்துத்தான் வாங்கவேண்டும். இங்கிலாந்தின் போல்டனில் 2019இல் எரிந்த மாணவர் விடுதியில் இருந்தது இந்த வகைப் பலகைதான். ஃபைபர் சிமென்ட் போர்டு எரியாது, விலையும் தேவலை, வெட்டிய ஓரங்களை சீல் செய்யாமல் விட்டால் மட்டும் தண்ணீர் குடிக்கும். டெரகோட்டா (சுட்ட மண்) பேனல் எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஆனால் பழைய கட்டடத்தின் கார்பஸ் ஃபண்டில் (அசோசியேஷனின் சேமிப்பு நிதியில்) அது கட்டுப்படியாகாது.

பேனல் வகை எதுவானாலும் பின்னால் இடைவெளி வேண்டும், கீழே தண்ணீர் வடியவும் மேலே காற்று போகவும் வழி வேண்டும், அந்தத் திறப்புகளில் வலை வேண்டும், இல்லையென்றால் புறா குடிவந்துவிடும். கனடாவின் வான்கூவர் பகுதியில் 1980களிலும் 90களிலும் கட்டிய காண்டோக்களில் (அடுக்குமாடி வீடுகளில்) வெளிப்பூச்சைத் தண்ணீரே புகாதபடி மூடிவிட்டதாக நினைத்தார்கள். ஜன்னல் ஓரங்களில் புகுந்த மழை வெளியே வரமுடியாமல் மரச்சட்டங்களை அழுகவைத்தது, 1998இல் அரசு விசாரணைக் குழுவே போடவேண்டி வந்தது. நம் சுவர் மரமில்லைதான், ஆனால் உள்ளே இருக்கிற கம்பி துருப்பிடித்துக் கான்கிரீட்டைப் பிளக்கும். சிலிகான் அடித்து மூடிவிட்டோம் என்று யாராவது சொன்னால் அந்த சிலிகான் காய்ந்து வெடித்த பிறகு என்ன ஆகும் என்று கேளுங்கள். நம் ஃபிளாட்களில் பாத்ரூம் பைப் எல்லாம் வெளிச்சுவரில்தான் இறங்குகிறது. அதை பேனலால் மூடினால் ஒழுகல் எங்கே என்பது, உள்ளே ஓதம் ஏறி ஹாலில் பெயின்ட் உரிந்த பிறகுதான் தெரியும்.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால் பழைய கட்டடத்துக்கு நான் கைகாட்டுவது பூச்சும் பெயின்ட்டும்தான். யாரும் திரும்பிப் பார்த்துப் பாராட்டமாட்டார்கள், ஆனால் விரிசல் விட்டால் கண்ணுக்குத் தெரியும், ஒரு கொத்தனார் வந்து சரிசெய்துவிடுவார். சாரம் கட்டியதும் அவசரப்பட்டு பட்டி பார்க்க விடாதீர்கள். சுத்தியல் பிடியால் சுவர் முழுக்கத் தட்டச் சொல்லுங்கள், பொள்ளலாகச் சத்தம் வருகிற இடத்தையெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டு, பெயர்த்தெடுத்து, துருப்பிடித்த கம்பியைச் சுத்தம் செய்து மறுபூச்சு பூசவேண்டும். பைப் ஜாயின்ட்களையும் அப்போதே மாற்றிவிடுங்கள், ஏனென்றால் உள்ளிருந்து ஈரம் வருகிற சுவரில் எவ்வளவு விலை உயர்ந்த எலாஸ்டோமெரிக் (ரப்பர் மாதிரி இழுபடுகிற) பெயின்ட் அடித்தாலும் குமிழ் விட்டு உரியும். சொரசொரப்பான டெக்ஸ்சர் வேண்டாம், தூசி தங்கி, வெயில் படாத வடக்குப் பக்கம் மழைக்குப் பிறகு பாசி பிடித்துக் கறுக்கும். சன்ஷேட் அடியில் தண்ணீர் சொட்டுவதற்கான பள்ளம் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் இந்தச் சாரம் நிற்கும்போதே போட்டுவிடுங்கள். முகப்பு எடுப்பாக வேண்டும் என்று யாராவது பிடிவாதம் பிடித்தால், மிச்சமாகிற பணத்தில் கீழ்த்தளத்துக்கு மட்டும் கல் பதிக்கலாம்.