நடக்க நமீப், விலங்கு பார்க்கக் கலஹாடி

நமீபியாவின் நமீப்-நௌக்ளுஃப்ட், தென்னாப்பிரிக்கா-போட்ஸ்வானா எல்லையில் விரியும் கலஹாடி. இரண்டும் பாலைவனப் பூங்காக்கள், இரண்டிலும் கூடாரம் போடலாம். ஆனால் கலஹாடியில் சிங்கம் உண்டு. அங்கே முகாமையும் குறிக்கப்பட்ட இளைப்பாறுமிடங்களையும் தவிர வேறெங்கும் வண்டியை விட்டு இறங்கக் கூடாது. நடப்பதென்றால் காவலர் துணையோடு மட்டும்தான். கால் ஓய நடக்க ஆசைப்படுகிறவர் நமீபுக்கே போகட்டும்.

நமீபில் வாசலுக்கு உள்ளே இருக்கும் செஸ்ரியம் முகாமில் இடம் பிடியுங்கள். வெளிவாசல் சூரிய உதயத்தில்தான் திறக்கும். உள்ளே தங்குபவர்களுக்கான வாசலோ ஒரு மணி நேரம் முன்பே திறந்துவிடும். பெரிய மணல்மேடுகள் சூழ்ந்த சோசுஸ்வ்லேய்க்கு அங்கிருந்து 60 கி.மீ. தார்ச்சாலை, அதன்பின் 5 கி.மீ. ஆழ்மணல். வெளியே தங்கியவர் மணல்மேட்டின் அடிவாரத்தை எட்டும்போதே வெயில் ஏறியிருக்கும். இந்த ஒரு மணி நேரத்துக்காகவே கூடுதல் கட்டணம் தரலாம். மணல் தொடங்குமிடத்தில் டயர் காற்றை 1.5 பார் அளவுக்கு இறக்குங்கள். நடுவில் பிரேக் அழுத்தினால் சக்கரத்துக்கு முன்னால் மணல் குவிந்து வண்டி புதையும். வேகத்தைத் தானாகக் குறையவிட்டு நிறுத்துவதே சரி. நான்கு சக்கர இயக்கம் இல்லாதவர்களை அங்கிருந்து ஏற்றிச்செல்ல வண்டிகள் உண்டு.

அங்குள்ள 'பிக் டாடி' மணல்மேடு 300 மீட்டருக்கு மேல் உயரம். சரிவில் ஏறினால் கால் சறுக்கிக்கொண்டே இருக்கும். முகட்டைப் பிடித்து, முன்னால் போனவர் தடத்திலேயே மிதித்து ஏறுங்கள். ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர், மூடிய காலணி. நண்பகலில் மணல் காலைச் சுடும். இறக்கம் நேராக டெட்வ்லே என்ற வறண்ட களிமண் தரையில் போய் முடியும். அங்கே பட்டுப்போய்ப் பல நூற்றாண்டுகளாக நிற்கும் மரங்களைத் தயவுசெய்து தொடாதீர்கள்.

விலங்கு என்று பார்த்தால் கலஹாடிக்கு நமீப் ஈடில்லை. நமீபில் ஓரிக்ஸ், ஸ்பிரிங்பாக் மான்கள், நெருப்புக்கோழி, நரி; கலஹாடியில் இவற்றோடு சிங்கம், சிறுத்தை, சிவிங்கிப்புலி. ஆனால் பொறுமை வேண்டும். கலஹாடியின் தெற்கு நுழைவாயிலான ட்வீ ரிவியரனிலிருந்து நோசோப் முகாம் சுமார் 160 கி.மீ.; வேக வரம்பு 50, பாதையெல்லாம் அலையலையான மேடுபள்ளம். நாலு மணி நேரத்துக்குக் குறையாது. நோசோப்பில் வேலி உண்டு, நீர்நிலையைப் பார்த்தபடி மறைவிடமும் உண்டு. குழாய்த் தண்ணீர் உப்புக் கரிக்கும், குடிநீரைக் கையோடு கொண்டுபோங்கள். போட்ஸ்வானா பக்கத்து போலென்ட்ஸ்வா, மாபுவாசெஹுபே முகாம்களுக்கு வேலியே இல்லை. அங்கே வண்டிக் கூரையில் விரியும் கூடாரம் நல்லது. இருட்டிய பிறகு கீழே இறங்கவே வேண்டாம். ஜூன், ஜூலை இரவுகளில் உறைநிலைக்குக் கீழே குளிரும்.

மணலில் கூடாரத்தின் மெல்லிய முளை நிற்காது, காற்று பிடுங்கி எறிந்துவிடும். அகலமான நீள முளை அடியுங்கள், அல்லது மணல் நிரப்பிய பையில் கயிற்றைக் கட்டி ஓர் அடி ஆழத்தில் புதையுங்கள். ஜிப்புக்கு எண்ணெய் போட்டால் மணல் ஒட்டிப் பல் தேய்ந்துவிடும். உலர்ந்த தூரிகையால் தட்டினால் போதும். வெளியே விட்ட செருப்பை நரி தூக்கிப்போகும், உள்ளே வைத்ததைத் தட்டிவிட்டே போடுங்கள், தேள் புகுந்திருக்கலாம். தடித்த வாலும் மெல்லிய இடுக்கியும் உள்ள தேளே அதிக விஷமுள்ளது.

இரண்டையும் ஒரே பயணத்தில் பார்க்க வழியுண்டு. ட்வீ ரிவியரனில் நுழைந்து மாட்டா-மாட்டா எல்லை வாசல் வழியாக நமீபியாவுக்குள் போகலாம். அதற்குப் பூங்காவில் குறைந்தது இரண்டு இரவு தங்கியிருக்க வேண்டும்.