ரணதம்பூர்: புலியும் கோட்டையும் ஒரே பயணத்தில்

ராஜஸ்தானின் சவாய் மாதோபூர் ரயில் நிலையத்திலிருந்து ரணதம்பூர் புலிக் காடு சுமார் 11 கி.மீ.தான். சஃபாரிக்கு 6 பேர் அமரும் திறந்த ஜீப்பான ஜிப்சியையே பிடியுங்கள். 20 பேர் அமரும் திறந்த மினி பஸ் போன்ற கேன்டரில் நடு சீட் கிடைத்தால் முன்னிருப்பவர் தலைதான் தெரியும். முன்பதிவில் கொடுத்த அடையாள அட்டையின் அசலைக் கையில் வைத்திருங்கள், நகலை நம்ப வேண்டாம்.

சஃபாரிக்காகக் காட்டைப் பிரித்திருக்கும் மண்டலங்களில் 3 கிடைத்தால் யோகம். பதம் தலாவ் ஏரி, கரையில் பழைய வேட்டை மாளிகையான ஜோகி மகால். புலி வராவிட்டாலும் முதலையும், கழுத்தளவு நீரில் நின்று பாசி மேயும் கடமானும் ஏமாற்றாது. ஜனவரிக் காலையில் திறந்த வண்டி எலும்பு வரை குளிரும், குல்லா கட்டாயம். ஏப்ரல், மே வெயில் கொடுமைதான், ஆனால் புலி தண்ணீருக்கு வருவதும் அப்போதுதான். ஜூலை முதல் செப்டம்பர் வரை 1 முதல் 5 வரையிலான மண்டலங்கள் மூடல்.

கோட்டைக்குச் சஃபாரி டிக்கெட் தேவையில்லை. புதன்கிழமை மட்டும் வேண்டாம்: உள்ளே இருக்கும் திரிநேத்ர கணேசர் கோயிலுக்கு வரும் கூட்டத்தில் படியேறவே முடியாது.