லேக் லூயிஸா, ஏப்ரஹாம் லேக்கா?

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்திலிருந்து கனடாவின் கல்கரியில் இருக்கிற பிள்ளைகளிடம் மாரி காலத்தில் போகிறவர்கள், கமராவும் கையுமாகப் போனால், கட்டாயம் யோசிக்கிற விஷயம் இது: உறைந்த மலை ஏரியைப் படமெடுக்க ஒரே ஒரு நாள் கிடைத்தால் எங்கே போவது? என்னைக் கேட்டால் ஏப்ரஹாம் லேக். வயதான அம்மா அப்பாவோ சின்னப் பிள்ளைகளோ கூட வந்தால் மட்டும் லூயிஸ், அதில் மறுபேச்சே வேண்டாம்.

லூயிஸ் கல்கரியிலிருந்து ஏறக்குறைய 180 கிலோமீட்டர். ஹோட்டல் வாசலிலேயே ஏரி, குளிர்ந்தால் உள்ளே ஓடிவிடலாம். ஆனால் படங்களில் பார்த்து மயங்கின அந்தப் பச்சை நீலம் கோடைக்குரியது, பனிப்பாறை அரைத்த கல்மாவு தண்ணீரில் மிதப்பதால் வருவது. மாரியில் அதன்மேல் வெண்பனி மூடிவிடும். காலை முதல் வெயில் பின்னாலிருக்கும் விக்டோரியா மலையில் விழும்போது எடுங்கள், முன்னால் சிவப்புக் கோட்டோடு யாரையாவது நிற்க வையுங்கள், இல்லாவிட்டால் வெறும் வெள்ளைத் தரைதான் மிஞ்சும்.

ஏப்ரஹாம் வேறு கதை. அது இயற்கை ஏரியே இல்லை, வட சஸ்கச்சுவான் ஆற்றை பிக்ஹோர்ன் அணையால் மறித்து 1972இல் உண்டாக்கினது, கனகராயன் ஆற்றை மறித்து இரணைமடுவைக் கட்டின மாதிரி. நம் குளத்துச் சேற்றில் கால் புதைந்தால் குபுகுபுவென்று குமிழி வருமே, அதே சங்கதிதான் அங்கேயும்: அடியில் அழுகும் செடிகொடியிலிருந்து கிளம்பும் மீதேன் வாயு, மேலே வரும் வழியில் ஐஸில் குமிழியாகச் சிக்கி, அடுத்தது அதன் கீழே சிக்கி, அடுக்கடுக்காகக் கண்ணாடி போன்ற ஐஸுக்குள் நிற்கிறது. பலத்த காற்று வெண்பனியைக் கூட்டித் தள்ளிவிடுவதால்தான் இதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது. ஜனவரி நடுவிலிருந்து பெப்ரவரி வரை போங்கள். அகல லென்ஸைப் போட்டு முழங்காலில் நின்று குமிழிக்கு மிகக் கிட்டப் போய், லென்ஸின் துவாரத்தை எஃப் 11 அளவில் வைத்து, பின்னால் மிச்சனர் மலை வருகிற மாதிரி எடுக்க வேண்டும். லென்ஸ் முன்னால் மாட்டுகிற போலரைசர் வடிகட்டி இருந்தால் மேலே அடிக்கிற வெளிச்சத்தை வெட்டிவிடலாம். ட்ரைபொட்டின் காலை நீட்டாதீர்கள், காற்று ஆட்டிவிடும்.

ஆபத்தும் அங்கேதான் கூட. மின்சாரத்துக்குத் தண்ணீரை விடுவதால் மாரி முழுக்க நீர்மட்டம் இறங்கும், துருசு திறந்தால் நம் குளம் இறங்குகிற மாதிரி. மேலே உறைந்த ஐஸ் மட்டும் கரையோரம் அந்தரத்தில் நிற்கும், கீழே வெறும் வெளி. தனியாள் நடக்க 15 சென்ரிமீற்றர் தடிப்பு வேண்டும் என்று கனடியச் செஞ்சிலுவைச் சங்கம் சொல்கிறது, ஆனால் கீழே தண்ணீர் தாங்காத இடத்தில் தடிப்பை மட்டும் நம்பி இறங்காதீர்கள். இடம் தெரிந்த வழிகாட்டியோடு போங்கள், சப்பாத்துக்கு இரும்புப் பல் மாட்டுங்கள், பெற்றோலை முன்கூட்டியே நிரப்புங்கள், வழியில் நெடுந்தூரத்துக்குப் போன் சிக்னலே இராது.

எங்கே போனாலும் வெண்பனியைக் கமரா சாம்பலாக்கிவிடும், வெளிச்சத்தை ஒரு ஸ்டொப், அதாவது இரண்டு மடங்கு, கூட்டி வையுங்கள். மேலதிக பற்றரி உள்சட்டைப் பையில் இருக்கட்டும். ஏசி வாகனத்திலிருந்து வன்னி வெக்கைக்குள் இறங்கினதும் லென்ஸ் வேர்ப்பது நமக்குத் தெரியும். அங்கே வெளியிலிருந்து வீட்டுக்குள் வரும்போது அப்படி நடக்கும், அதனால் வாசலுக்கு வெளியிலேயே கமராவைப் பொலித்தீன் பையில் போட்டு இறுக்கிக் கட்டி, சூடு ஏறும்வரை திறக்காமல் வையுங்கள்.