செண்டுமல்லி விதையை உதிரியாக வாங்காதீர்கள், நான் வாங்கிக் கெட்டேன்

சத்தியமங்கலம் பக்கம் அரை ஏக்கரில் செண்டுமல்லி போட்டு ஏமாந்த கதை இது. மதுரைப் பக்கம் கேந்தி என்பார்களே, அதே பூதான். ஆயுத பூஜைக்குப் போடலாம் என்று யோசிக்கிறவர்கள் விதை வாங்கப் போவதற்கு முன் ஒருமுறை படித்துவிட்டுப் போங்கள்.

2024இல் ஆயுத பூஜை அக்டோபர் 11ஆம் தேதி வந்தது. நாற்று இருபத்தைந்து நாள், நட்ட பிறகு முதல் பறிப்புக்கு ஐம்பது நாள் என்று பின்னோக்கிக் கணக்குப் போட்டு, கொஞ்சம் முன்கூட்டியே ஜூலை நடுவில் விதை போட்டால் சரியாக இருக்கும் என்று கிளம்பினேன். ஆறாயிரம் செடிக்கு விதை வேண்டும். கம்பெனி பாக்கெட்டில் விதை ஒன்று இரண்டரை ரூபாய் விழுந்தது, அதாவது பதினைந்தாயிரம். அந்த நேரம் பார்த்து ஒருவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர், அதே ஹைபிரிட் (கலப்பின) விதை தன்னிடம் விதைக்கு ஒரு ரூபாய் பத்து காசுக்கு இருப்பதாகச் சொன்னார். பெரிய பாக்கெட்டை உடைத்து உதிரியாகத் தருகிறாராம், அதனால்தான் விலை குறைவாம். கையில் கொடுத்தது பேரும் இல்லாத, தேதியும் இல்லாத ஒரு வெள்ளி நிறக் கவர். பில் கேட்டேன். "நம்ம ஆளுங்களுக்கு எதுக்குங்கண்ணா பில்லு" என்றார். நானும் சிரித்துக்கொண்டே பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். எட்டாயிரத்து நானூறு மிச்சம் பண்ணிவிட்ட பெருமை வேறு.

கவரைப் பிரித்தபோதே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். செண்டுமல்லி விதை கறுப்பாக ஊசி மாதிரி இருக்கும், பின்னால் வைக்கோல் நிறத்தில் ஒரு வால். கம்பெனி விதையில் பெரும்பாலும் அந்த வாலை நறுக்கிவிட்டுத்தான் அடைத்திருப்பார்கள். இதில் வால் அப்படியே இருந்தது, நடுநடுவே காய்ந்த பூவிதழ்த் துணுக்குகளும் கிடந்தன. யாரோ ஒருவர் தோட்டத்தில் முற்றிய பூவைப் பறித்துக் காயவைத்து உதிர்த்த விதை. இப்போது இதைச் சொல்ல முடிகிறது, அன்றைக்குத் தோன்றவில்லை.

98 குழி நாற்றுத் தட்டு அறுபத்திரண்டில் தேங்காய் நார்க்கழிவு நிரப்பிப் போட்டோம், நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் முளைத்தது. இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறோம். விதை முளைக்கிறதா என்பது வேறு, சொன்ன ரகம்தானா என்பது வேறு. நாற்றைப் பார்த்து அதை யாராலும் சொல்ல முடியாது, பூத்தால்தான் தெரியும், அதற்குள் உரம், சொட்டுநீர்க் குழாய், களைக்கூலி, நுனி கிள்ளிய கூலி என்று எல்லாம் போட்டு முடித்திருப்போம்.

செப்டம்பர் கடைசியில் பூத்தது. ஒரு செடி முழங்கால் உயரம், பக்கத்துச் செடி இடுப்பு உயரம். ஆரஞ்சு என்று சொல்லி வாங்கியதில் மஞ்சள், இரண்டும் கலந்த ஏதோ ஒரு நிறம். அதுகூடப் பரவாயில்லை, ஒரு வரிசையில் நூறு செடி எண்ணிப் பார்த்ததில் நாற்பத்தொன்று ஒற்றையடுக்குப் பூ, சுற்றி ஒரே ஒரு வரிசை இதழ், நடுவில் கண் திறந்த மாதிரி. தோட்டத்தில் அழகுக்கு வைக்கலாம். மார்க்கெட்டில் கமிஷன்காரர் ஒரு பூவை எடுத்துக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, "இது மாலைக்கு நிக்காதுங்க, கோத்தா தொங்கிரும்" என்று மூட்டையைத் தள்ளி வைத்துவிட்டார். நல்ல பூவைத் தனியாகப் பொறுக்கிக் கொண்டு போனால் பறிப்புக்கூலி இரட்டிப்பாகிறது. எல்லாச் செடியும் ஒன்றாகப் பூக்கவும் இல்லை, பாதி ஆயுத பூஜை முடிந்த பிறகுதான் மொட்டே வைத்தது.

இது ஏன் இப்படி ஆகிறது என்றால், ஹைபிரிட் செண்டுமல்லி பலவற்றில் மகரந்தமே இல்லாத தாய்ச்செடியை வைத்து, வேறொரு வகைச் செடியின் மகரந்தத்தைச் சேர்த்து விதை எடுக்கிறார்கள். அந்த முதல் தலைமுறை மட்டும்தான் ஒரே சீராக வரும். அதன் பூவிலிருந்து விதை எடுத்துப் போட்டால் தாத்தா பாட்டி குணமெல்லாம் பிரிந்து வெளியே வரும். பூசா நாரங்கி, பூசா பசந்தி மாதிரி ரகங்கள் ஹைபிரிட் இல்லை, அவற்றில் விதை எடுத்து வைப்பது வேறு கதை.

விற்றவரிடம் போனேன். முதலில் "உங்க மண்ணு அப்படிங்க" என்றார், அப்புறம் மழை என்றார், மூன்றாவது முறை போனை எடுக்கவில்லை. விதை ஆய்வாளரிடம் போனால் அவர் கேட்டது மூன்றே மூன்று. பில் எங்கே, லாட் நம்பர் (எந்தத் தொகுதி விதை என்று பாக்கெட்டில் போட்டிருக்கும் எண்) என்ன, பாக்கெட் எங்கே. மூன்றுமே என்னிடம் இல்லை. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர்தான் என்ன செய்வார்? 1983ஆம் வருட விதைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி விதை விற்கிறவருக்கு லைசென்ஸ் வேண்டும், வாங்குகிறவருக்குப் பில் கொடுத்தே ஆக வேண்டும். விதையில் ஏமாந்த விவசாயி நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று 2012லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நாம் கொடுத்த விலை ஐந்து லட்சம் வரைக்கும் என்றால் வழக்குக் கட்டணமே கிடையாது, நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் பண்ணியும் புகார் சொல்லலாம். ஆனால் இன்னாரிடம் இதை வாங்கினேன் என்று காட்ட ஒரு துண்டுச் சீட்டாவது வேண்டுமே. விலை குறைச்சலுக்காக உதிரியாக வாங்கினேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், உண்மையில் அவர் குறைத்தது விலையை இல்லை, என் கையில் இருந்திருக்க வேண்டிய ஆதாரத்தை.

பூ விதையில் அரசு விதைச் சான்றுக்கான நீல நிற அட்டை இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருக்காதீர்கள், கடையில் கிடைக்கும் ஹைபிரிட் பெரும்பாலும் உண்மைநிலை விதை என்று கம்பெனியே லேபிள் ஒட்டி விற்பதுதான். அந்த லேபிளில் லாட் நம்பர், முளைப்புத் திறன், சோதனை செய்த தேதி, எதுவரை செல்லும் என்ற தேதி எல்லாம் இருக்கும். அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு, கவரையும் கொஞ்சம் விதையையும் கடைசிப் பறிப்பு வரைக்கும் பத்திரமாக வையுங்கள். நர்சரியில் நாற்றாக வாங்குகிறவர்களும் காலிப் பாக்கெட்டைக் கேட்டு வாங்குங்கள். தர மாட்டேன் என்றால் அங்கே வாங்காதீர்கள், அவ்வளவுதான்.

மொத்தம் நாற்பதாயிரத்துக்கு மேல் போட்டேன், கைக்கு வந்தது பன்னிரண்டாயிரத்துச் சொச்சம். தீபாவளிக்கு அப்புறம் ரோட்டவேட்டர் விட்டு அப்படியே மடக்கி உழுதாச்சு. செண்டுமல்லி நின்ற மண்ணில் வேரைத் தாக்கும் நூற்புழு குறையும் என்பார்கள், அதனால் அடுத்து தக்காளி வைத்தேன். அந்த நாற்றுக்குப் பில் இருக்கிறது, லாட் நம்பரோடு.