நெட்டைக்காலியைப் பார்க்க வாங்கிய 8×42 பைனாகுலர்: ஆறு மாத அனுபவம்

புதுச்சேரியில் ஒரு கடையில் ஆறு மாதத்துக்கு முன் 9,800 ரூபாய் கொடுத்து வாங்கியது. பெரிய பிராண்டு எதுவும் இல்லை. ஊசுட்டேரியிலும் பாகூர் ஏரியிலும் வாராவாரம் வைத்துப் பழகிவிட்டு, மே மாதம் நீலகிரி மலையில் இருக்கிற அவலாஞ்சிக்கு எடுத்துப் போனேன், ஒரே ஒரு பறவைக்காக: நீலகிரி நெட்டைக்காலி. மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரப் புல்வெளிகளை விட்டால் உலகத்தில் வேறெங்கும் அதற்கு வீடு கிடையாது, அந்தப் புல்வெளியையும் சீகை மரமும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) தேயிலையும் பிடித்துக்கொண்டே வருகின்றன. பழனி மலையில் நாற்பது ஆண்டுகளில் மூன்றில் இரண்டு பங்கு புல்வெளி போய்விட்டது என்று 2018-இல் வந்த ஆய்வைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

எட்டு மடங்கு பெரிதாக்குவதா, பத்து மடங்கு பெரிதாக்குவதா என்று கேட்பவர்களுக்கு: எட்டே போதும் (8×42-இல் 8 என்பது அதுதான், 42 என்பது முன் லென்ஸின் அகலம், மில்லிமீட்டரில்). பத்தில் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும், பார்வைப் பரப்பும் குறுகும், புல்லுக்குள் ஓடுகிற சிறு பறவை கைவிட்டுப் போய்விடும். நம்ம ஊர் வயல் நெட்டைக்காலியைப் பார்த்துப் பழகியிருந்தது நல்லதாயிற்று. மலைப்பறவை இன்னும் அடர்ந்த பழுப்பு, மார்பின் மெல்லிய கோடுகள் விலா வரை இறங்கும், அரண்டால் புதர் மேலோ சிறு மரத்திலோ போய் உட்காரும்.

இது தரையில், புல் தூருக்குள் கூடு கட்டி இரண்டு மூன்று முட்டை இடும் பறவை. கூட்டைத் தேடிப் புல்லுக்குள் இறங்கினால் நம் காலே மிதித்துவிடும், அதனால் சாலையோரத்தை விட்டு நான் நகரவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து ஒன்று பாறை மேல் வந்து நின்றது, அலகில் பூச்சி, ஆனால் விழுங்கவில்லை. பக்கத்தில் எங்கோ குஞ்சு இருக்கிறது என்று அர்த்தம். நான் நிற்கிற வரை அது இறங்காது என்று புரிந்ததும் இருபது அடி பின்னால் போனேன், உடனே புல்லுக்குள் இறங்கி வெறும் அலகோடு எழுந்தது. அத்தனை தூரத்திலிருந்து, காலை மங்கல் வெளிச்சத்தில், அலகில் பூச்சி இருந்ததும் அப்புறம் இல்லாததும் தெளிவாகத் தெரிந்தது. இனப்பெருக்கம் உறுதி என்று குறிப்பேட்டில் எழுதும்போது கண் கலங்கிவிட்டது. கொடுத்த காசுக்கு அந்த ஒரு காட்சியே போதும்.

குறையும் பெரிசுதான். "தண்ணி உள்ள போகவே போகாதுங்க" என்று சொல்லித்தான் விற்றார்கள். மறுநாள் மூடுபனியில் லென்ஸின் உள்பக்கமே வேர்த்துப்போய் இரண்டு மணி நேரம் ஒன்றும் தெரியவில்லை. திரும்பி வந்து கேட்டால் மாற்றித் தரும் நாள் தாண்டிவிட்டது என்கிறார்கள். வலது பக்கம் கண்ணை வைத்துப் பார்க்கும் வளையமும் தளர்ந்துவிட்டது.

ஏரிக்கரைக்கு மட்டும் என்றால் தாராளமாக வாங்கலாம். மலைக்கு என்றால், லென்ஸ் உள்ளே வேர்க்காமல் இருக்க நைட்ரஜன் வாயு நிரப்பி அடைத்ததா என்று கேட்டு, அதைப் பில்லிலும் எழுதி வாங்குங்கள். அடுத்த மே மாதம் அதே பாறைக்கு எதிரே போய் நிற்கப்போகிறேன், அதற்குள் அப்படி ஒன்று வாங்கப் பணம் சேர்க்கிறேன்.