தோள்வலிக்கு பிசியோ: வீடியோ காலா, நேரிலா?

ஜாக்கெட்டின் பின்கொக்கிக்குக் கை எட்டவில்லை, தலை பின்ன முடியவில்லை, அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் தூக்கமே போய்விடுகிறது. நாற்பதைத் தாண்டியவர்கள், அதிலும் சர்க்கரை உள்ளவர்கள் இப்படிச் சொன்னால் முதல் சந்தேகம் 'ஃப்ரோசன் ஷோல்டர்', அதாவது தோள்மூட்டைச் சுற்றிய உறை இறுகிப்போகும் நோய், மேல்தான் விழும்.

முதல் தடவை நேரில்தான் போக வேண்டும். இதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை. முழங்கையை விலாவோடு ஒட்டி மடக்கி, முன்கையை வெளிப்பக்கம் திருப்பச் சொல்வார்கள். நீங்களாகத் திருப்பினாலும் வரவில்லை, பிசியோ பிடித்துத் திருப்பினாலும் வரவில்லை, எக்ஸ்ரேயிலும் கோளாறு இல்லை என்றால், அந்த உறை இறுகியிருக்க வாய்ப்பு அதிகம். அவர் திருப்பும்போது மட்டும் வந்தால் சிக்கல் பெரும்பாலும் தசைநாரில். வீட்டில் யாரையாவது பிடிக்கச் சொல்லி வீடியோவில் பார்க்கலாம்தான். ஆனால் வலிக்குப் பயந்து நீங்கள் இறுக்குகிறீர்களா, மூட்டே தடுக்கிறதா என்பது பிடிக்கிற கைக்குத்தான் தெரியும்.

அதன்பிறகு என் ஓட்டு வீடியோவுக்கு. இந்த நோய் மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் இழுக்கும். வலிக்கிற கையோடு நெரிசல் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு போய் கிளினிக்கில் செய்கிற அதே சுவர் ஏற்றத்தையும் (விரல்களால் சுவரில் மேலே ஏறுவது) குச்சிப் பயிற்சியையும் (நல்ல கையால் குச்சியைத் தள்ளி வலிக்கிற கையை நகர்த்துவது) வீட்டிலேயே தினமும் செய்யலாம்.

2021இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த பிரிட்டனின் கிராஸ்ப் ஆய்வு இதற்குப் பக்கத்தில் வருகிறது. தசைநார்க் கோளாறால் தோள் வலித்த 708 பேரில், ஆறு முறை வரை பிசியோவிடம் போனவர்களுக்கும், ஒரே முறை போய் ஆலோசனை கேட்டு வீட்டில் பயிற்சி செய்தவர்களுக்கும் 12 மாதங்களில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஃப்ரோசன் ஷோல்டருக்கு இதை அப்படியே பொருத்த முடியாது. வீட்டுப் பயிற்சியை இளக்காரமாக நினைக்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

வீடியோவில் ஒன்றைக் கவனியுங்கள். கை தூக்க வராதபோது தோளைக் காதுவரை ஏற்றிச் சமாளிப்பது எல்லோருக்கும் வரும். போனை நெஞ்சு உயரத்தில் வைத்து, துப்பட்டாவை எடுத்துவிட்டு, முதுகைக் காட்டி நின்றால்தான் பிசியோவால் அதைப் பிடிக்க முடியும்.

வலியைக் குறைக்க மூட்டில் போடும் ஸ்டீராய்டு ஊசிக்கு நேரில்தான் போயாக வேண்டும். சர்க்கரை இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஊசிக்குப் பிறகு சில நாள் அது ஏறும். விழுந்த பிறகு கையே தூக்க வரவில்லை என்றால் அன்றே டாக்டரைப் பாருங்கள். இடது தோள் வலியோடு நெஞ்சு இறுக்கமும் வியர்வையும் சேர்ந்தால் பிசியோவுக்கே அங்கு வேலையில்லை, உடனே 108ஐக் கூப்பிடுங்கள்.