சிவனொளிபாதமலை ஏற: மேட்டில் ஏறும் நடையா, குந்தி எழும் பயிற்சியா?

டிசம்பர் போயாவோடு (பௌர்ணமியோடு) யாத்திரைக் காலம் தொடங்கிவிடும். நல்லதண்ணிப் பக்கமாக ஏறினால் ஏறத்தாழ 5,500 படிகள். கால்களைத் தயார்செய்ய எது நல்லது என்று பலர் கேட்கிறார்கள். இரண்டும் வேலை வாங்குவது எலும்புத் தசையிடம்தான், அதாவது எலும்போடு இணைந்து உடலை அசைக்கும் தசையிடம். ஆனால் அதிலுள்ள வெவ்வேறு நார்களிடம்.

தசையிலுள்ள நார்
நடை: மெதுவாகச் சுருங்கும் சிவப்பு நார். ஒட்சிசனைக் கொண்டு சக்தி பெறுவதால் எளிதில் களைக்காது.
குந்தி எழுதல்: சுமையோடு செய்தால் வேகமாகச் சுருங்கும் நாரும் சேரும். பலம் அதிகம், சோர்வும் சீக்கிரம்.

இதயத் தசை
நடை: நன்றாகப் பழகும்.
குந்தி எழுதல்: அவ்வளவாக இல்லை.

செலவு
இரண்டுக்கும் இல்லை. மழைநாளில் நடப்பவருக்கு அட்டைக்கடி உபரி.

இறக்கம்
இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். இறங்கும்போது தொடையின் முன்தசை உடல் எடையைத் தாங்கியபடியே நீள்கிறது. பழகாத தசையில் நுண்ணிய சேதம் ஏற்பட்டு, வலி ஓரிரு நாள் கழித்தே உச்சத்துக்கு வரும்.
நடை: ஏறிய பாதையில் நடந்தே இறங்கினால்தான் பயன். ஏறிவிட்டு பஸ்ஸில் திரும்புவது பாதிப் பயிற்சி.
குந்தி எழுதல்: மிக மெதுவாகக் குந்தினால் இதே வேலை நடக்கும்.

நாள் முழுதும் மேசையில் இருப்பவர்கள் நடையிலிருந்து தொடங்கட்டும். கொழுந்து மலையில் தினமும் ஏறி இறங்குபவர்களுக்கு நடை புதிதல்ல. வாரத்தில் இரண்டு மூன்று நாள் மெதுவாகக் குந்தி எழுந்தால் போதும். முழங்கால் வலி உள்ளவர்கள் ஆழமாகக் குந்தாமல், முதலில் வைத்தியரிடம் காட்டுவது நல்லது.